ராட்டினம் மேலே நின்றபோது

கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியும் என் கணவரின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நான் கேட்டதெல்லாம் கிசுகிசுப்புத்தான்.

வட்டகொடைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு ஒரே ஒரு அறை, காம்பரா. நடுவில் சாக்கைப் பிரித்துத் தைத்த ஒரு மறைப்பு. அந்தப் பக்கம் மாமா, மாமி, நாத்தனார். இந்தப் பக்கம் நாங்கள். காம்பராவுக்குக் காம்பரா இருந்த சுவர் கூரைவரை எட்டாது. முதல் வீட்டில் யாராவது இருமினால் கடைசி வீட்டிலிருந்து, "கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க" என்று பதில் வரும். அப்படிப்பட்ட இடத்தில் புதுப்பெண் என்ன பேசுவாள்? அவருக்கு ஃபெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலருக்குப் பக்கத்தில் வேலை. அங்கே இரைச்சலில் பேச முடியாது. வீட்டிலோ எல்லோர் காதும் திறந்திருக்கும். பெரியவர்கள் கட்டிவைத்த பெண் என்பதால்தான் என்னோடு பேசாமல் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதில் வருத்தம்கூட இல்லை. மழை மாதிரி, பனி மாதிரி, இதுவும் இப்படித்தான் என்று இருந்தேன்.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. சித்திரை வருஷப்பிறப்புக்கு வேலை இல்லாத நாட்களில் நுவரெலியாவில் சீசன் நடக்கும். குதிரைப் பந்தயம், பூக் கண்காட்சி எல்லாம் துரைமாருக்கு. எங்களைப் போன்றவர்களுக்குக் கார்னிவல். நாத்தனாரும் வருவதாக அடம்பிடித்தாள். மாமிதான் அவள் கையைப் பிடித்து இழுத்து, "நீ அடுத்த வாட்டி போடி. ரெண்டு பேரும் போய்ட்டு வரட்டும்" என்றாள். சொல்லிவிட்டு ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்தாள்.

காலை ரயிலில் நானுஓயாவுக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் மேலே ஏறினோம். அவர் ஜன்னலோரம் எனக்கு விட்டுத் தந்தார். வளைவுக்கு வளைவு தேயிலை விலகி, முட்டைக்கோஸ், அதுதான் கோவா, பாத்திகளும் சிவப்புக் கூரைகளும் வந்தன. இரண்டு பேரும் பேசவில்லை. பஸ் நிறைய ஆள் இருந்தது.

கார்னிவல் திடலுக்குள் நுழைந்ததும் எனக்குக் கால் தரையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. பகலிலேயே கலர் பல்புகள் எரிந்தன. ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு சிங்களப் பாட்டு பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து வந்தது. மரக்குதிரைகள் மேலும் கீழும் போய்க்கொண்டே சுற்றின. ஒரு கண்ணாடிக் கூடத்துக்குள் போனோம். ஒரு கண்ணாடியில் அவர் தென்னை மரம் போல நீண்டிருந்தார், நான் அவர் முழங்காலில் உருண்டையாக நின்றேன். அவர் தோள் குலுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. சிரிப்பைக்கூட விழுங்கப் பழகிவிட்டார்.

அடுத்த கூடாரத்தில் உடம்பில்லாத பெண். ஒரு மேசை, மேசைமேல் ஒரு தட்டு, தட்டில் ஒரு தலை. பவுடர் பூசி, பெரிய பொட்டு வைத்து, கண்ணை மூடித் திறந்தது. கூட்டத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லும் என்றார்கள். நான் கயிற்றுக்குப் பக்கத்தில் போய்விட்டேன். தலை என்னையே பார்த்தது. பிறகு மெல்ல, "அக்கா எந்தத் தோட்டம்?" என்று கேட்டது.

எங்கள் பேச்சு. எங்கள் ஊர் இழுப்பு. நான் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். "அப்பிடியா, எங்க சித்தி அங்கிட்டுத்தான் இருக்காங்க" என்று அது சொல்லி முடிப்பதற்குள் கூடாரக்காரன் கூட்டத்தை வெளியே தள்ள ஆரம்பித்தான். வெளியே வந்தும் எனக்குத் திகைப்பு அடங்கவில்லை. மேசைக்குக் கீழே அவளுக்குக் கால் வலிக்குமே என்ற நினைப்பும் வந்தது.

கச்சான் கடலை வாங்கிக்கொண்டு பெரிய ராட்டினத்தில் ஏறினோம். ஆளுக்கொரு பக்கமாக உட்காரும் தொட்டி. ஒரு சங்கிலியைக் குறுக்கே மாட்டினான் ராட்டினக்காரன். முதல் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது சுற்றில் திறந்தேன். ஏரி தெரிந்தது, பந்தயத் திடல் தெரிந்தது, மனிதர்கள் பாத்தியில் கொட்டிய விதை போலத் தெரிந்தார்கள். மூன்றாவது சுற்றில், நாங்கள் உச்சிக்கு வந்த நேரம், மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. அந்த ஊரில் அது சாதாரணம்தான். ஆனால் அதே நேரத்தில் டைனமோவும் நின்றுவிட்டது.

பல்புகள் அணைந்தன. பாட்டு அறுந்தது. ராட்டினம் ஒருமுறை ஆடி நின்றது.

கீழிருந்து ராட்டினக்காரன் சிங்களத்தில் கத்தினான். பிறகு தமிழில், "பயப்படாதீங்க! எந்திரிக்காதீங்க! இப்ப சரியாயிரும்!" என்றான். அவன் குரல் பஞ்சுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. கீழே எதுவும் தெரியவில்லை. மேலேயும் தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த அவர் முகம்கூடப் பாலில் போட்ட காகிதம் போலக் கரைந்திருந்தது. உலகத்தில் அந்தத் தொட்டியும் நாங்களும் மட்டும் மிச்சம்.

"குளிருதா புள்ள?"

நான் திடுக்கிட்டேன். மூன்றாவது ஆள் யாரோ ஏறியிருக்கிறார் என்றே தோன்றியது. கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல். அடிவயிற்றிலிருந்து வந்தது.

"நீங்களா பேசினீங்க?"

"வேற யாரு?"

"உங்க குரல் இப்பிடியா இருக்கும்?"

அவர் சிரித்தார். வாய்விட்டு. அந்தச் சிரிப்பு பனிக்குள் போய் எங்கேயோ மோதித் திரும்பியது. சங்கிலியைத் தாண்டி என் கையைப் பிடித்தார். நானும் விடவில்லை.

"ஒண்ணு கேக்கவா?" என்றேன். யாரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியம். "மாமி சொன்னாங்கன்னுதானே என்னையக் கட்டினீங்க?"

அவர் சங்கிலி குலுங்க முன்னால் குனிந்தார். பிறகு, "அம்மாவா? அம்மாவ மூணு மாசம் நச்சரிச்சதே நாந்தான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"அட்டன் கோயில் தேருக்கு வந்திருந்தேல்ல? வளையல்காரன்கிட்ட சண்ட போட்டியே, ஒடஞ்ச வளையலத் தந்துட்டான்னு. நான் தேருக்கு அந்தாண்ட நின்னேன். மேளத்தையும் மீறி உன் சத்தம் கேட்டுச்சு. இந்தச் சத்தம் நம்ம வீட்டுல கேக்கணும்னு நெனச்சேன்." ஒரு கச்சானை உடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். "வந்ததுலேருந்து நீ வாயத் தொறக்கவே இல்ல. என்னையப் புடிக்கலையோன்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நீங்க பேசலைன்னு நான் பேசாம இருந்தேங்க" என்றேன். அதற்குப் பிறகு என்ன பேசினோம், எந்த வரிசையில் பேசினோம் என்று ஞாபகமில்லை. என் அப்பாவின் கோபத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சின்ன வயதில் ஆற்றில் விழுந்ததைச் சொன்னார். பனித்துளி தொட்டியின் விளிம்பில் கோத்து, ஒவ்வொன்றாய் வெள்ளைக்குள் விழுந்தது. நான் வளையல்காரனிடம் போட்ட சண்டையை அதே குரலில் நடித்துக் காட்டினேன்.

அப்போது பக்கத்திலிருந்து, பனிக்குள்ளிருந்து, ஒரு பெண் சிரித்தாள்.

நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். அடுத்த தொட்டி! அவள் சிங்களம் கலந்த தமிழில், "நங்கி, தங்கச்சி, நல்லா பேசுறது! இன்னும் பேசு, பேசு!" என்றாள். கூடவே ஓர் ஆண் குரல் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தது.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"அவுங்களுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷமாச்சாம். பேச்சு தீந்துபோச்சாம். அதனால நம்ம பேச்சக் கேட்டுக்கிட்டு இருந்தாங்களாம்."

அவரும் பனியைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். நாலு பேரும் சிரித்தோம். முகம் தெரியாத அந்தச் சிரிப்பில் எனக்குக் கூச்சமே வரவில்லை.

டைனமோ உறுமியது. பல்புகள் மங்கலாகப் பூத்தன. ராட்டினம் இறங்கியபோது பனியும் கிழிந்து நகர்ந்தது. எங்கள் தொட்டிக்கு முந்தியும் பிந்தியும் எத்தனையோ பேர் இறங்கிப் போனார்கள். தொப்பி வைத்த ஒருவர், குடை பிடித்த ஓர் அம்மா, குழந்தையைத் தூக்கிய ஒருத்தி. ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். எவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. யார் அவர்கள் என்று கடைசிவரை தெரியவில்லை.

மாலை ரயிலில் வந்து, வெளிச்சம் இருக்கும்போதே லயத்துக்கு ஏறினோம். மாமி வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னத்தப் பாத்தீங்க?" என்று என்னைத்தான் கேட்டாள். நான் வாயெடுப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்தார். தட்டில் இருந்த தலை, நீட்டிக் காட்டும் கண்ணாடி, நின்றுபோன ராட்டினம் என்று கையை வீசி, குரலை ஏற்றி, இறக்கி. எங்கள் பேச்சை மட்டும் விட்டுவிட்டார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். மாமி கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

"இவனுக்கு இம்புட்டுப் பேச்சு வருமா?" என்று மாமாவைக் கேட்டாள். மாமாவோ சுருட்டு அணைந்ததுகூடத் தெரியாமல் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமி தலை முழுகி, பெட்டியிலிருந்த சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். "நாங்களும் போய்ப் பாத்துட்டு வாறோம்" என்றாள். மாமாவையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு தேயிலைக்கு நடுவே இருந்த பாதையில் இறங்கிப் போனாள். அவர்கள் தலை மறைந்ததும் காம்பராவில் நாங்கள் இருவர் மட்டும். கல்யாணமான பிறகு முதல்தடவை.

பேசுவதற்கு எவ்வளவோ இருக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கென்று ஒன்றும் வரவில்லை. அவர் சாக்கு மறைப்பைச் சுருட்டிக் கட்டினார். அறை திடீரென்று பெரிதாகிவிட்டது. நான் தேத்தண்ணி ஊற்றினேன். மத்தியான மழை தகரத்தில் இறங்கியது. என் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

மழை விட்ட பிறகு அவர்கள் திரும்பி வந்தார்கள். மாமா ராட்டினத்தில் ஏற மறுத்துவிட்டாராம். நாத்தனாருக்குப் பயமாம். "அதான் நான் மட்டும் ஏறுனேன்" என்றாள் மாமி. படியில் உட்கார்ந்தாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது. அதை முடியவேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை; மனசு இன்னும் ராட்டினத்து உச்சியிலேயே இருந்தது. எங்கேயோ பார்த்துக்கொண்டு, என் கையிலிருந்த கோப்பையை வாங்கி, ஆறிப்போன தேத்தண்ணியை மெதுவாகக் குடித்தாள்.