அம்மாவுக்கு மெரூன் பொட்டு வைத்த நாள்

எங்கள் அத்தைக்கு எதையும் வகை பிரிக்காமல் இருக்க முடியாது. அப்பாவின் தங்கை. பொத்தேரியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை ஊருக்கு வரும்போதெல்லாம் சிறுவர்களுக்கான அறிவியல் கதைப் புத்தகங்களை எங்கிருந்தோ அள்ளிக்கொண்டு வருவாள். எல்லாம் முதுகு பிய்ந்த பழைய புத்தகங்கள். அந்தப் பிய்ந்த முதுகில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டித்தான் என்னிடம் கொடுப்பாள்.

சிவப்புப் பொட்டு என்றால் ராக்கெட் ஏறிப் போகும் கதை. நீலம் என்றால் காலத்தில் பின்னோக்கிப் போய் வம்பில் மாட்டுவது. வேற்றுக்கிரகவாசிகள் வந்து இறங்கினால் பச்சை. உலகம் அழிந்த பிறகு மிச்சமிருப்பவர்கள் தண்ணீருக்கு அலைந்தால் கறுப்பு. இவற்றிலெல்லாம் பொல்லாதது மெரூன் பொட்டு வகை. அதில் எதுவும் வெடிக்காது. எதிர்வீட்டுக்காரர், வாத்தியார், பெற்ற தாய் என்று ஒவ்வொருவராக உள்ளே ஆள் மாறிப்போயிருப்பார்கள். வெளியே மட்டும் அதே முகம்.

“எப்டி அத்த கண்டுபுடிக்கிறது?” என்று கேட்டேன்.

“ஓவரா நல்லவங்களா ஆயிடுவாங்க. கோவமே வராது. சிரிச்சிகினே கூப்புடுவாங்க. கூடப் போனீன்னா நீயும் காலி” என்று சொல்லிவிட்டு அத்தை பாட்டுக்குத் தலைக்குக் குளிக்கப் போய்விட்டாள். பத்து வயசுப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா அது!

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் ஈசிஆர் சாலைக்கும் நடுவில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி அணுமின் நிலையம். மாடியில் துணி காயப்போடப் போனால் கண்ணில் படும், அவ்வளவுதான், யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. எப்போதாவது சுற்றுவட்டார ஊர்களில் ஒத்திகை நடத்துவார்கள். நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால் ஜனங்களை எப்படி வெளியேற்றுவது என்று பழகிப் பார்ப்பது. அந்த வருடமும் முன்கூட்டியே ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் அப்போது கோடை விடுமுறைக்குச் செங்கல்பட்டு மாமா வீட்டில் பரோட்டா தின்றுகொண்டிருந்தேன். ஒத்திகைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் திரும்பினேன். ஊருக்கே தெரிந்த சங்கதியை எனக்கென்று தனியாக யார் சொல்வார்கள்?

காலையில் சங்கு ஊதியது. நின்று நின்று ஊதியது. ஜீப் ஒன்று கதவு ஜன்னலைச் சாத்தச் சொல்லி, குடிதண்ணீரை மூடச் சொல்லிக்கொண்டு போனது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு, முகத்தில் மூடி, கையில் ஏதோ கருவி. இரண்டு பேர் எங்கள் கன்றுக்குட்டியின் முதுகில் அந்தக் கருவியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் பொட்டு வகை எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் ஒருவரும் அழவில்லை! வெள்ளை உடுப்புக்காரர் மாத்திரை கொடுக்க, கோயில் பிரசாதம் மாதிரி கையேந்தி வாங்கிக்கொண்டார்கள். பெண்கள் எல்லாரும் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூவும் வைத்திருந்தார்கள். திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைத்துச் சாப்பாடு போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. மண்டபம் என்று சொல்லிவிட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் பட்டில்லாமல் படியேற மாட்டார்கள், உலகமே அழிந்தாலும். வாசலில் இரண்டு பேருந்து நிற்க, அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். பொட்டின் நிறம் என் மனதில் மெல்ல மாறத் தொடங்கியது.

அறைக்குள்ளிருந்து அம்மா வந்தாள். கல்யாணப் பட்டு. கையில் பிதுங்கி வழியும் ஒயர் கூடை. அப்பா வேன் ஓட்டுகிறவர், விடியற்காலையிலேயே மீனம்பாக்கத்துக்குச் சவாரி போயிருந்தார். அம்மா போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். அவளைச் சோதித்துவிடுவது என்று முடிவு செய்து, சமையல் மேடைமேல் இருந்த பால் சொம்பை வேண்டுமென்றே தட்டிவிட்டேன். சாதாரண நாளாக இருந்தால் “கய்தே” என்ற சத்தம் கடற்கரை வரை கேட்டிருக்கும். வீட்டில் என் பெயரே ஏறக்குறைய அதுதான்.

அம்மா வழிந்த பாலைப் பார்த்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“பரவால்ல கண்ணு. தம்பி கையப் புடிச்சிகினு போயி பஸ்ல ஏறு. நா பூட்டிகினு வரேன்.”

கண்ணாம்! பிறந்ததிலிருந்து அவள் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. சந்தேகமே இல்லை, மெரூன் பொட்டுதான். நாலு வயதுத் தம்பியை இழுத்துக்கொண்டு பின்கட்டு வழியாக ஓடினேன். சவுக்குத் தோப்பு வரை நிற்கவே இல்லை.

பேருந்துகள் கிளம்பும் சத்தம் கேட்டது. தம்பி அம்மாவைக் கேட்டான். அது அம்மா இல்லடா என்றேன். அவன் வீறிட்டு அழுதான், நானும் அழுதேன். இனிமேல் எனக்கு யார் தலை வாருவார்கள், அப்பா வந்தால் எப்படிச் சொல்வது, உண்மையான அம்மாவை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பார்கள், ஒன்றும் தெரியவில்லை. அந்தத் துக்கம் பொய்யே இல்லை. தாயில்லாப் பிள்ளையாகத்தான் அந்த வெயிலில் சவுக்குச் சருகின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்துச் சாலையில் ஒரு ஜீப் வந்து நின்றது. முதல் பேருந்தில் நாங்கள் ஏறிவிட்டோம் என்று யாரோ சொன்னதை நம்பி அம்மா இரண்டாவதில் போயிருக்கிறாள். மண்டபத்தில் எங்களைக் காணாமல் ஜீப்பை மறித்துத் திரும்பியிருக்கிறாள். பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பில்லாமல், அவிழ்ந்த பூ தோளில் தொங்க ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் முகமூடியைக் கழற்றிவிட்டு மூச்சிரைக்க இரண்டு வெள்ளை உடுப்புக்காரர்கள்.

“ஏ கய்தே! எரும மாடே! எங்கடி போய்த் தொலஞ்ச? ஒன்ன எங்கன்னுடி தேடறது பாவி!”

முதுகில் ஒன்று விழுந்தது பாருங்கள், அப்படி ஒரு நிம்மதி இந்த ஜென்மத்தில் எனக்கு வந்ததில்லை. “அம்மாதான்டா! நம்ம அம்மாவேதான்டா!” என்று தம்பியைப் பார்த்துக் கத்தினேன். அடிக்க அடிக்கச் சிரித்தேன். பிள்ளைக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று அம்மாவின் கை பாதியில் நின்றது. அப்படியே சருகில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“ஒத்திகைதாம்மா, ஒன்னும் ஆவல” என்றார் வெள்ளை உடுப்புக்காரர்.

“தெரியும் சார்” என்று சொல்லிவிட்டு இன்னும் அழுதாள்.

ஓடி வந்த வேகத்தில் ஒயர் கூடை கவிழ்ந்து கிடந்தது. அப்பாவின் சட்டைகள், தம்பியின் ஸ்வெட்டர், என் பள்ளிச் சீருடை. ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் போகிறவள் மூட்டையே கட்டியிருக்கிறாளே என்று எனக்கு இன்னும் சிரிப்பு வந்தது. மண்டபத்தில் எங்களுக்குக் கேசரி எடுத்து வைத்திருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அத்தை போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா என்னிடமிருந்து போனைப் பிடுங்கி, இனிமேல் பொட்டு வைத்த புத்தகம் எதுவானாலும் தான் படித்த பிறகுதான் எனக்கு என்று சொல்லிவிட்டாள். சொன்னபடி எழுத்துக்கூட்டிப் படிக்கவும் செய்தாள். சிவப்புப் பொட்டு அவளுக்குப் பிடித்துப்போனது.

இப்போது எனக்குக் கேளம்பாக்கத்தில் வேலை. இரண்டு வருடம் முன்பு நெஞ்சுவலி என்று அப்பாவைச் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா வராந்தாவில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “ஒன்னுமில்ல கண்ணு” என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயில் நான் கேட்டது அது இரண்டாம் தடவை. நல்லவேளை, நாலாம் நாள் அப்பா இட்லி சரியில்லை என்று சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். அன்றைக்கு அவருக்குத் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன், ஒத்திகை என்று தெரிந்தும் அன்று ஏன் அத்தனை துணியை எடுத்துக்கொண்டாய் என்று.

அம்மா நிமிரவே இல்லை.

“நெசமாவே ஆச்சின்னாலும் ஒத்திகைன்னு சொல்லித்தானடி கய்தே இட்டுகினு போவாங்க?”