அரை நூல் தேய்மானம்

மரம் அறுக்கும் செயின் மெஷின் சீவல் சீவலாகத் துப்ப வேண்டும். எங்களுடையது மாவு மாதிரித் துப்பியது. கருவேலங்கட்டையில் வைத்தால் நேரே இறங்காமல் வலப்பக்கம் வளைந்துபோய் மாட்டிக்கொண்டது. மகளின் காதுகுத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. விருந்துக்கு விறகு வேண்டும்.

விறகைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அந்த மாமன், என் மச்சினன், வர மாட்டேன் என்று சாக்கோட்டையில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காரணம் நான்தான். போன மாதம் மெஷினை இரவல் வாங்கிப் போனவன், திருப்பித் தரும்போது, “ஒரு பக்கமா இழுக்குது அத்தான்” என்றான். “கல்லுல விட்டுட்டு எனக்கே பாடம் எடுக்கிறியா?” என்று கத்திவிட்டேன். எனக்கு வாய் முந்தும், புத்தி பிந்தும்.

இப்போது செயினைக் கழற்றி, வலமும் இடமுமாக மாறி மாறி இருக்கும் பற்களை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கல்லில் பட்டிருந்தால் பல் நுனி சில்லுப் பெயர்ந்திருக்க வேண்டும். ஒன்றுகூடப் பெயரவில்லை. பின்னே ஏன் வளைகிறது? எனக்குக் கோபம் போய் ஆவல் வந்துவிட்டது.

தையல் மெஷினை விட்டு என் மனைவி எழுந்து வந்தாள். தையலுக்கு அளவு வரையும் தாளில் ஒரு துண்டை வலப்பக்கப் பல்லின் நீளத்துக்கு வெட்டி, ஒவ்வொரு பல்லிலும் வைத்துப் பார்த்தாள். வலப்பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. இடப்பக்கம் எல்லாம் அரை நூல், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர், குட்டை.

“இங்குட்டு மட்டும் தேஞ்சிருக்கு. அரம் போட்டது யாரு?”

“நான்தான்.”

“பெறகு எந்தம்பிய எதுக்கு ஏசுனீக?”

இடப்பக்கம் அராவக் கைக்கு வாகாக இருக்கும், அழுத்தித் தேய்ப்பேன். வலப்பக்கம் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும், சும்மா தடவிவிடுவேன். குட்டைப் பல் மரத்தைக் கடிக்காது. நீளப் பல் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இவ்வளவுதான் விஷயம்.

குட்டையை நீட்ட முடியாதே. நன்றாக இருந்த வலப்பக்கத்தைத்தான் இடப்பக்க அளவுக்கு அராவினேன். பல் குட்டையானால் முன்னால் இருக்கும் சின்ன மேடு மரத்தில் முட்டும் என்று அதையும் தணித்தேன். சாயங்காலம் கட்டையில் வைத்தபோது சீவல் பறந்தது, அறுப்பு நேராக இறங்கியது. சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. உடனே போன் போட்டேன்.

“மாப்ள, தப்பு என் கையில.”

“இதை அன்னைக்கே பாத்திருக்கலாம்ல” என்று வைத்துவிட்டான். வருவானா மாட்டானா என்று சொல்லவில்லை.

காதுகுத்து அன்று கோயிலில் ஆசாரி காத்திருந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சினன் சீர்த்தட்டோடு வந்தான். என் கையிலிருந்து பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காதில் குத்துகிற இடத்துக்குப் பொட்டு வைக்க ஆசாரி மையை எடுத்ததும் அவன் சொன்னான்: “ரெண்டு காதும் ஒரே அளவா இருக்கட்டும் ஆசாரி. பொட்டு மட்டும் எங்க அத்தானை வைக்கச் சொல்லிராதீக.”