சின்ன ரயில் விட்டுப்போன தடம்

இலங்கை மலையகத்தில், கந்தப்பளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றுக்குப் பிரசவம் பார்க்கும் மிட்வைப்பாக மாறி வந்த முதல் மழைக்காலம். தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிஷனிலிருந்து டவுனுக்குப் போகும் ஒரே ரோட்டை மண்சரிவு மூடிவிட்டது. அன்று காலையில்தான் கலைச்செல்விக்கு வலி கண்டது. கொழுந்து பறிக்கும் பெண், முதல் பிரசவம். வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். பிள்ளை குறுக்கே கிடந்தது. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும்.

போன் செய்தேன். ஆம்புலன்ஸ் சரிவுக்கு அந்தப் பக்கம்தான் வந்து நிற்க முடியும் என்றார்கள். மலைக் குறுக்குப்பாதையோ செங்குத்து, ஸ்ட்ரெச்சர் சாய்ந்துவிடும்.

அவளுடைய மாமனார் முத்தையா கங்காணி சொன்னார்: "ரயில் ரோட்டுல போவோங்க, நர்ஸம்மா. ஏத்த எறக்கமே தெரியாது."

அப்படி ஒரு ரோடு இருப்பதே எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைப் பெட்டி ஏற்ற இங்கே ஒரு சின்ன ரயில் ஓடியது. தோட்ட முதலாளிமார் முதலில் தாங்களே கம்பனி சேர்த்துத் தண்டவாளம் போடப் பார்த்தார்களாம். கடைசியில் அரசாங்கம்தான் போட்டது என்பார்கள். கட்டுப்படியாகாமல் எங்கள் தாத்தா காலத்திலேயே பிடுங்கிவிட்டார்கள். மலையை வெட்டிய தடம் மட்டும் மிச்சம். இன்ஜின் செங்குத்தாக ஏறாது என்பதால் அது மலையைச் சுற்றிச் சுற்றிச் சீராகப் போகும்.

கலைச்செல்வியை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஆண்கள் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். ஓரிடத்தில் தடத்தை மறித்து லீக்ஸ் காய்கறித் தோட்டம், முள்கம்பி வேலி. அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் சிறிபால ஓடி வந்து தடுத்தார். முத்தையா சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். சிறிபால ஸ்ட்ரெச்சரை எட்டிப் பார்த்தார். பிறகு தானே கம்பியை வெட்டி, பயிரை மிதித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

அதற்கப்புறம் ஓடை வந்தது. ரயில் பாலம் போய், கல்தூண்கள் மட்டும் நின்றன. தண்ணீர் இடுப்பளவு. வடியும்வரை நிற்கலாம் என்றான் கலைச்செல்வியின் கணவன் ரவி. வயிற்றில் குழல் வைத்துக் கேட்டேன். பிள்ளையின் இதயத்துடிப்பு குறைந்துகொண்டிருந்தது.

"நிக்க நேரமில்ல. தண்ணியில வரிசையா எறங்குங்க. கைமாத்திக் கொண்டு போயிருவோம்."

சிறிபாலதான் முதலில் இறங்கித் தூணைப் பிடித்துக்கொண்டார். நானும் இறங்கினேன். தலைக்கு மேலே ஸ்ட்ரெச்சர் கைமாறிப் போனது. அக்கரை சேர்ந்ததும் கலைச்செல்வி என் கையைப் பிடித்தாள்.

"புள்ள உசுரோட இருக்கா, நர்ஸம்மா?"

"இருக்கு. நீ மூச்ச அடக்காம விடு."

கொஞ்ச தூரத்தில், சரிவைத் தாண்டித் தடம் ரோட்டைத் தொடும் இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. நுவரெலியாவில் ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

ரோடு திறந்ததும் எல்லோரும் அந்தத் தடத்தை மறந்துவிட்டார்கள். நான் விடவில்லை. முத்தையாவைக் கூட்டிக்கொண்டு தோட்ட மேனேஜரான துரையிடம் போய், ஓடைக்குப் பலகைப் பாலம் கேட்டேன். ஆள் நடக்காத வழிக்குப் பாலம் எதற்கு என்றார். அடுத்த மழைக்கு முன் தருவீர்களா என்று போகும்போதெல்லாம் கேட்டேன். கடைசியில் அவர் மரம் கொடுத்தார். லயத்து ஆட்களே போட்டார்கள்.

அதன்பிறகு எந்தத் தோட்டத்துக்கு மாறிப் போனாலும், மருந்து அலமாரியைத் திறப்பதற்கு முன் வெளியே போக என்னென்ன வழி என்று கேட்பேன். கேட்டதோடு விடமாட்டேன், நடந்து பார்ப்பேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் நடந்து பாருங்கள். வெயில் அடிக்கும்போதே.