என்னைக் காட்டினால் பாதி விலை

கனடாவில், மில்லிக்கன் பகுதியில் தம்பியின் வீட்டு பேஸ்மென்டில் நான் இருக்கிறேன். வாடகை கொடுத்துத்தான் இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தம்பி என்னை வைத்துப் பார்க்கிறான் என்றுதான் வெளியில் கதை. பாண் சுடும் தொழிற்சாலையொன்றில் பல வருடம் கால்கடுக்க நின்று வேலை செய்தவள் நான். முழங்கால் இரண்டும் தேய்ந்து, கைவிரல்களிலும் வாதம் வந்த பிறகு, உடல் இயலாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிப்பணத்தில் சீவியம் ஓடுகிறது. கலியாணம் செய்யவில்லை. அதையும் சொல்லிவிட்டால் நீங்கள் கேட்கத் தேவையிராது.

மேல்வீட்டில் தம்பியும் அவன் மனைவியும். பிள்ளைகள் இருவரும் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். உடுப்புத் தோய்க்கும் மெஷின் என் அறைக்குப் பக்கத்தில் இருப்பதால் தம்பி மனைவி இடைக்கிடை கூடையோடு இறங்கி வருவாள். "என்ன மச்சாள், சுகமோ?" என்பாள். நான் பதில் சொல்வதற்குள் மெஷினைப் போட்டுவிட்டு ஏறிவிடுவாள். வங்கியில் வேலை, வந்தால் வீட்டு வேலை, அவளுக்கு மூச்சு விட நேரமில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

அவள் ஒருநாள் கூடையில்லாமல் இறங்கி வந்தாள். கையில் மடிக்கணினி இருந்தது.

"மச்சாள், எந்த நேரமும் உந்த அறைக்குள்ளயே அடைஞ்சு கிடக்கிறீங்கள். வெளியில போய்வர விருப்பமில்லையோ?"

இத்தனை வருடத்தில் அவள் கேட்காத கேள்வி. விருப்பம்தான் என்றேன். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். இங்கே ஒரு மிருகக்காட்சிச்சாலையில் உதவிப்பணம் எடுக்கிறவர்களுக்குப் பாதி விலையில் ரிக்கற் கொடுக்கிறார்களாம். படம் போட்ட அட்டை ஒன்று எடுத்தால் ஒரு வருடத்துக்குச் செல்லுமாம். அட்டைக்காரர் கூடவே வந்தால் குடும்பத்தவர் ஐந்து பேர் வரை அதே பாதி விலையில் உள்ளே போகலாமாம். என்னைச் சுவரோடு நிற்க வைத்துப் படம் எடுத்து, அங்கேயே கட்டிலில் இருந்து பதிந்து அலுவலை முடித்துவிட்டாள். பாரிசிலிருந்து அவளுடைய தமக்கை குடும்பம் அடுத்த கிழமை வருவதாக இருந்தது.

இது ஏன் பெரிய விஷயம் என்று இங்கே இருக்கிறவர்களுக்கு விளங்கும். கோடை வந்தால் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் வெளிநாட்டு விருந்தாளி இல்லாத வீடு குறைவு. வருகிறவர்களை நயாகராவுக்குக் கொண்டுபோக வேண்டும், உயரமான கோபுரத்தில் ஏற்ற வேண்டும், மிருகம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், கனடாவுக்குப் போய் வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று திரும்பிப் போய்ச் சொல்லிவிடுவார்கள். எல்லா இடத்திலும் ரிக்கற் எடுக்க வேண்டியது வீட்டுக்காரர். விருந்தாளி மரியாதைக்குப் பர்சைத் திறப்பார். வீட்டுக்காரர் பாய்ந்து விழுந்து, "சீச்சீ, உள்ள வையுங்கோ" என்று மறிக்க வேண்டும். மறிக்கிறபோது வீட்டுக்காரரின் வயிறு எரிகிற எரிவு எங்கள் சனத்துக்குத் தெரியாததல்ல.

முதல் பயணத்துக்கு நான் பட்ட சந்தோசத்தை இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் கோபம் வருகிறது. இருட்டோடு எழும்பி, மடங்காத விரல்களால் ரோல்ஸ் சுற்றிப் பொரித்தேன். நல்ல பஞ்சாபி உடுப்பு ஒன்று போட்டேன். காரில் தமக்கை குடும்பத்தோடு நெருங்கி இருந்து போனேன். நுழைவாயிலில் தம்பி மனைவி, "மச்சாள், நீங்கள் முன்னுக்கு வாங்கோ" என்று என்னைத் தோளில் பிடித்து முன்னால் விட்டாள். ரிக்கற் கொடுக்கும் பெண் அட்டையிலிருந்த படத்தையும் என்னையும் பார்த்து, பின்னால் நின்றவர்களைக் காட்டி, எல்லாரும் உங்கள் குடும்பமா என்று இங்கிலிசில் கேட்டாள். தம்பி ஓம் என்றான். அந்த ஒரு சொல்லில் நான் குளிர்ந்துபோனேன்.

உள்ளே போய்க் கொஞ்சத் தூரத்திலேயே என் முழங்கால் மறுத்துவிட்டது. வாசலில் சக்கர நாற்காலி வாடகைக்கு இருந்தது. நான் அதைப் பார்த்ததைத் தம்பி மனைவியும் பார்த்தாள்.

"உதை ஆர் இந்த ஏத்த இறக்கத்தில தள்ளுறது? மச்சாள் இதில நிழலா இருக்கட்டும்."

மரத்தடியில் ஆட்கள் இருக்கப் போட்டிருந்த ஒரு வாங்கைக் காட்டினார்கள். பக்கத்தில் சாப்பாட்டுக் கூலர் பெட்டியையும் வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு வெள்ளைக் கரடி பார்க்க ஆசையாக இருந்தது. அது எங்கேயோ கடைசியில் என்று சொன்னார்கள். நான் வாங்கிலிருந்து கொண்டு வாசல் குளத்து நாரைகளைப் பார்த்தேன். பசி எடுத்ததும் எல்லாரும் திரும்பி வந்தார்கள். ரோல்ஸ் நன்றாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டே முடித்தார்கள்.

பிறகு என்னை இரவல் கேட்கத் தொடங்கினார்கள். யூனியன்வில்லில் தம்பி மனைவியின் மச்சினி முறையானவள் வீட்டுக்குச் சுவிசிலிருந்து ஆட்கள் வந்தார்கள். "மச்சாள், ஒரு சனிக்கிழமை, சின்ன உதவி" என்றாள் தம்பி மனைவி. நான் முன்பின் காணாத ஆட்கள் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போய் வாசலில் காட்டினார்கள். அன்ரி, அன்ரி என்று வாய் நிறையக் கூப்பிட்டார்கள். நானும் இவர்கள் என் குடும்பம் என்று கூச்சமில்லாமல் சொன்னேன். பிறகு அவர்களுக்குத் தெரிந்த இன்னொரு வீடு. எங்கள் ஆட்களிடையே சோற்றுக் கிடாரமும் மடிக்கிற கதிரைகளும் வீடு வீடாகக் கைமாறுமே, அப்படித்தான் நான் கைமாறினேன். கிடாரத்தையாவது கழுவித் திருப்பிக் கொடுப்பார்கள்.

ஏன் போனாய் என்று கேட்பீர்கள். காரில் நாலு பேர் கதைக்கிற சத்தத்துக்காகப் போனேன். சனிக்கிழமை காலையில் என்னை ஒருவர் கூப்பிடுகிறார் என்பதற்காகப் போனேன். அதற்குமேல் காரணம் கிடையாது.

ஒரு தரம் போகிற வழியில் தம்பி மனைவி புதிதாக வந்திருக்கும் அகதிகளைப் பற்றிப் பேச்செடுத்தாள். அவர்கள் வேலைக்குப் போவதில்லையாம், வந்த உடனே உதவிப்பணமாம், இலவச பஸ்ஸாம், எல்லாம் இலவசமாம். "எங்கட டக்ஸ் காசில சும்மா இருந்து சாப்பிடுகினம். நாங்கள் விடிஞ்சா பொழுதுபட்டா உழைக்கிறம்" என்றாள். நாங்களும் அப்படி வந்து இறங்கியவர்கள்தான் என்பதை அவள் மறந்து கனகாலம். முன் கண்ணாடியில் அவள் கண் என்மேல் பட்டது. பின் ஆசனத்தில் நான் இருப்பது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும்.

"மச்சாள், உங்களைச் சொல்லேல்ல" என்றாள்.

"தெரியும் பிள்ளை" என்றேன். என் மடியில் இருந்த கைப்பைக்குள் அந்த அட்டை இருந்தது. அதைக் காட்டிப் பாதி விலையில் நுழையத்தான் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் காரை நிற்பாட்டு, நான் இறங்குகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பெருவீதியில் இறங்கி எங்கே போவது?

இன்னொரு சனிக்கிழமை யூனியன்வில்காரரோடு வரிசையில் நின்றபோது பின்னால் யாரோ அக்கா என்றார்கள். திரும்பிப் பார்த்தால் ஸ்டீல்ஸ் வீதியில் நான் மரக்கறி வாங்கும் தமிழ்க் கடையில் கல்லாவில் நிற்கும் பெண். தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். பிள்ளைகள் வாசலுக்கு அப்பால் எட்டிப் பார்த்துத் துள்ளிக்கொண்டு நின்றன. என் கையிலிருந்த அட்டையை அவள் கண்டாள்.

"நானும் உதைக் கேட்டுப் பாத்தனான் அக்கா. நான் வேலை செய்யிறனாம், எனக்கு இல்லையாம்."

"இவையள் கூட வந்தவை" என்று நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் கண் என் பின்னால் நின்றவர்களிடம் போனது. நல்ல உடுப்பு, நல்ல கண்ணாடி, கழுத்தில் விலையுயர்ந்த கமரா.

"பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன், இனி என்ன செய்யிறது. வேலை செய்யிற குற்றத்துக்கு முழுக்காசைக் குடுக்க வேண்டியதுதான்" என்றாள். அதற்குப் பிறகு கடையில் என் சாமான்களைப் பையில் போட்டுத் தருவாள், கதை கொடுக்க மாட்டாள்.

சலுகை பிழை என்று நான் சொல்ல வரவில்லை. உதவிப்பணம் எடுக்கிறவளுக்கு மிருகம் பார்க்கிற கேடு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எங்களுக்கும் சனி ஞாயிறு வரும். எங்களுக்கும் வெயில் அடித்தால் வெளியில் போக மனம் வரும். கொடுக்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். ஆனால் எனக்கென்று கொடுத்ததை வைத்து நான் கண்டது வாசல் குளத்து நாரைகளை மட்டும். வெள்ளைக் கரடி வரைக்கும் போனவர்கள் மூன்று கழிவறை வைத்த பெரிய வீட்டுக்காரர்களும் அவர்களுடைய சுவிஸ் விருந்தாளிகளும். கடைக்காரப் பெண் முழு விலை கொடுத்தாள். இதில் யாரிடம் போய் நியாயம் கேட்பது? வாசலில் பொய் சொன்ன வாய் என்னுடையது.

போன கோடையில் லண்டனிலிருந்து எங்கள் சித்தப்பாவின் மகன் வந்தான். இந்த முறை வந்தவன் தம்பி மனைவியின் ஆள் இல்லை, என் சொந்தம், எனக்கும் தம்பி முறை. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தான். இந்தப் பயணத்தில் நான் வெறும் அட்டைக்காரி இல்லை என்று எனக்குள் ஒரு பெருமை. வலி மாத்திரை இரண்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். எப்படியாவது அவனோடு உள்ளே நடக்கிறது என்று முடிவு செய்திருந்தேன்.

வாசலில் அட்டையைப் பார்த்த பெண் தலையை ஆட்டினாள். தவணை முடிந்துவிட்டது. இணையத்தில் திரும்பப் பதிந்தால் சில நாளில் புதியது வரும், இன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது, மன்னிக்க வேண்டும் என்று தன்மையாகத்தான் சொன்னாள். தம்பியும் மனைவியும் தள்ளிப்போய் நின்று கதைத்தார்கள். தம்பி வங்கி அட்டையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அக்கா, நீங்கள் உதெல்லாம் எத்தினை தரம் பாத்திட்டீங்கள். வெளியில இருங்கோவன். பிறகென்னத்துக்கு உங்களுக்கும் ஒரு முழு ரிக்கற்?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. நக்கலாகவும் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது, குடையை எடுங்கோ என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னான். நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்று அவன் உண்மையிலேயே நினைத்திருந்தான்.

லண்டன்காரனுக்கு முகம் மாறிவிட்டது. "அக்காவும் வரட்டும், நான் எடுக்கிறன்" என்று பர்சை எடுத்தான். தம்பி பாய்ந்து அவன் கையைப் பிடித்து, "சீச்சீ, உள்ள வையுங்கோ" என்றான். வழக்கமாக மறிக்கிறதுதான். ஆனால் மறித்த பிறகு வீட்டுக்காரர் தான் எடுக்க வேண்டும் அல்லவா? தம்பி எடுத்தான். எனக்கு மட்டும் எடுக்கவில்லை.

நான் வாகனத் தரிப்பிடத்துப் பக்கத்து வாங்கில் இருந்தேன். என் கைப்பையில் காசு இருந்தது. ஒரு முழு ரிக்கற் என்னாலும் வாங்க முடியும். வாங்கிக்கொண்டு உள்ளே போனால் அவர்கள் பின்னால் நொண்டி நொண்டிப் போய், நானும் வந்துவிட்டேன் என்று இளிக்க வேண்டும். அந்தக் கேவலத்துக்கு வெயில் பரவாயில்லை என்று இருந்தேன். திரும்பிப் போகும்போது லண்டன்காரனின் மனைவி தன் போனில் வெள்ளைக் கரடியைக் காட்டினாள். "நல்லாயிருக்கு" என்றேன்.

அன்று பின்னேரம் தம்பி கீழே வந்தான். சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் மீன்குழம்பும் கொண்டு வந்தான். அவன் தானாகச் சாப்பாடு கொண்டு வருகிறவன் இல்லை. கட்டில் ஓரத்தில் இருந்தான். ஏதோ சொல்ல வருவதும் விடுவதுமாக இருந்தான். அவனுக்கு உறுத்திவிட்டது என்று நினைத்தேன். அவன் வாயைத் திறக்க முன்னமே மன்னித்தும் விட்டேன்.

"அக்கா, உந்தப் புதுக் கார்ட் வர எவ்வளவு நாள் செல்லும்? ஓகஸ்ட்டில இவளின்ர பெரியப்பாவின்ர மகள் குடும்பம் நோர்வேயால வருகினம்."

நான் சோற்றில் குழம்பை விட்டுப் பிசைந்தேன்.

"இனிக் குடுக்கமாட்டினமாம் தம்பி. அந்தத் திட்டத்தை நிப்பாட்டிட்டினமாம்."

பச்சைப் பொய். அவன் திரும்பிக் கேட்கவில்லை. எழும்பி நின்று பெருமூச்சு விட்டான்.

"சரி, பரவாயில்லை. உங்களுக்கும் கால் ஏலாதுதானே. இனி ஆறுதலா வீட்டில இருங்கோ."

நோர்வேக்காரர் ஓகஸ்ட்டில் வந்தார்கள். மேலே பிள்ளைகள் ஓடுகிற சத்தம் என் தலைக்கு மேல் நாள் முழுக்கக் கேட்டது. சனிக்கிழமை எல்லாரும் மிருகம் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அன்று காலையில் நான் தலைக்குக் குளித்து, நல்ல பஞ்சாபி போட்டு, கைப்பையில் என் ரிக்கற்றுக்குரிய காசை எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன். படிக் கதவு திறந்துதான் கிடந்தது. கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. ஒருவரும் கீழே வரவில்லை. கார் போன பிறகும் உடுப்பை மாற்ற மனம் வராமல் மத்தியானம் வரை அப்படியே இருந்தேன்.