ஃபேவரிட்ஸ் பெட்டிக்குள் ஒன்றுமில்லை

இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து 'ஃபேவரிட்ஸ்' என்ற இடத்தில் சேர்த்துவிட்டால், அந்தப் பக்கம் முழுசாக நம் கம்பியூட்டருக்குள் குடிவந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். அப்போது கண்டி டவுனில் ஒரு ஸ்டூடியோவின் போட்டோஷொப் ஆள். எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று அந்தத் தெருவே நம்பியது. அதைப் பரப்பியதும் நான்தான்.

படம் திருத்தும் பாடம் எங்கே கண்டாலும் சேர்த்தேன். எல்லாவற்றுக்கும் தனி ஃபோல்டர். கலியாணப் பெண்ணுக்கு நிறம் கூட்ட 'வெள்ளைத்தோல்', பின்னால் ஒட்டும் ஏரிக்கும் பனிமலைக்கும் 'சுவிஸ்', பழைய படங்களுக்குப் 'பூஞ்சணம்'. வருகிறவர்களிடம், "எல்லாம் உள்ளுக்கே இருக்கு" என்று மானிட்டரைத் தட்டிக் காட்டுவேன்.

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். ஒரு காலையில் நாவலப்பிட்டிப் பக்கத் தோட்டத்திலிருந்து செல்லம்மா அக்கா வந்தார். கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை செய்த மகன் ரவியை, தெருவை வளைத்துத் தேடும் ரவுண்டப்பில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எந்தப் பொலிஸ் ஸ்டேஷன் என்றே தெரியாது.

"போட்டோ இல்லாமப் போயி யாருகிட்ட என்னான்னு கேப்பேன் தம்பி? இது ஒன்னுதான் இருக்கு. பகல் ரயிலப் புடிக்கணும்."

திருவிழாவில் எடுத்த படம். தோட்டத்து லயன் வீட்டு ஈரத்தில் பாதி முகம் பூஞ்சணம்.

எங்கள் முதலாளி நானா எட்டிப் பார்த்தார். "செய்ய ஏலுமா மனே?"

"சின்ன வேலை நானா. பாடம் உள்ளுக்கே இருக்கு."

அவர் ரவியின் முழுப் பெயரையும் வேலை செய்த கடையையும் கேட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

'பூஞ்சணம்' ஃபோல்டரில் முதல் பாடத்தைத் திறந்தேன். வெள்ளைத் திரை. பக்கத்தைக் காட்ட முடியாதாம். அடுத்ததும் அப்படியே. 'சுவிஸ்' ஏரியும் வற்றிவிட்டது. வைரஸ் என்று நினைத்தேன். பிறகு அதைவிடப் பெரிதாக நினைத்தேன். யாரோ சீ.ஐ.டி.க்காரர்கள் வந்து துருவிவிட்டார்கள். 'வெள்ளைத்தோல்' என்பது ஏதோ இரகசியச் சொல் என்று முடிவுகட்டிவிட்டார்கள். நாளைக்கு என் மனைவி என் படத்தைத் தூக்கிக்கொண்டு பொலிஸ் பொலிஸாக அலையப் போகிறாள். வீட்டில் என்னுடைய நல்ல படம் ஒன்றுகூட இல்லையே என்ற கவலை வேறு. மேசைக்கு அடியில் புகுந்து, கண்ட வயரையெல்லாம் கழற்றி மாட்டினேன். எழும்பும்போது தலையில் இடி.

"என்ன தம்பி, ஏதாச்சும் விழுந்திருச்சா?"

"ஆமாக்கா." என்ன விழுந்தது என்று சொல்லவில்லை.

வேறு வழியில்லை. நல்ல கன்னத்திலிருந்து துண்டு துண்டாகத் தோலை எடுத்து, பூஞ்சணத்தின்மேல் கையாலேயே ஒட்டினேன். கலியாண வேலைப் பழக்கத்தில் கடைசியாக முகம் முழுக்க ஒரு மெழுகல். ரவி மாப்பிள்ளையாகிவிட்டான். அக்கா நெடுநேரம் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கான். ஆனா இது எம்மவன் இல்ல."

"ஏன்க்கா?"

"புருவத்துல வெட்டுக்காயம் எங்க? தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்டது. அத வச்சுத்தானே இவன்னு சொல்ல முடியும்?"

பூஞ்சணக் கோடு என்று நினைத்து நான் அழித்தது அந்தத் தழும்பை. செய்ததையெல்லாம் பின்னோக்கி அழித்துவிட்டு, கதிரையைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு அவரை உட்காரவைத்தேன். எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று மானிட்டரில் விரலை வைத்துச் சொன்னார்.

"அத விடுங்க, அது மச்சம்... ஆங். இப்ப இவன்தான்."

பிரின்ட் வெளியே வரும்போது, நானாவும் காதைத் தடவிக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்தார். "தாத்தா," என்றார்; அவர்கள் பேச்சில் அது அக்கா. "மகன் ஈக்கிற பொலிஸ் தெரிஞ்சிட்டு. எனக்குத் தெரிஞ்ச லோயர் ஒருத்தர் அங்க வருவார். படத்தோட போங்க."

அக்கா போனபிறகு மெதுவாகச் சொன்னேன். "நானா, கம்பியூட்டர் செத்துப்போச்சு. ஒரு பாடமும் இல்ல."

"எப்புடிடா வரும்? இன்டர்நெட்டுக்கும் போனுக்கும் வயர் ஒன்னுதானே! இவ்வளவு நேரம் லைன்ல நான் ஈந்தேன்!"

ஃபேவரிட்ஸில் இருந்தது விலாசம் மட்டும் என்று அன்றுதான் புரிந்தது. அதன்பிறகு உருப்படியான பாடங்களை முழுப்பக்கமாகச் சேமித்து, சீடியிலும் எழுதிவைத்தேன். 'அடையாளப் படம்' என்று புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டேன். அதற்குள் மெழுகும் பாடம் ஒன்றும் வைக்கவில்லை. இளைய தம்பிமாரும் அப்படியே செய்யுங்கள்.

என் கம்பியூட்டரை எவரும் துருவவில்லை. நானா ரவியைத் தேடிப் போன் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பொலிஸில் அதே பெயரில் இன்னொரு பையனும் இருந்தான். படத்தின் தழும்பைப் பார்த்து எங்கள் ரவியைக் கூப்பிட்டார்கள். அந்தக் கிழமை முடியுமுன்னே அவன் தாயோடு நாவலப்பிட்டியில் வந்து இறங்கினான்.