டெல்லி அத்தைக்கு ஊர் காட்டிய கதை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, திருச்சியை ஒருவருக்குச் சுற்றிக் காட்டும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. வந்தவர் அப்பாவின் அக்கா. நான் அவரை அதற்குமுன் பார்த்ததில்லை. வீட்டில் பேச்சு வந்தால் டெல்லி அத்தை என்பார்கள், அவ்வளவுதான். அதனால் அவர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்பாவின் அக்கா அப்பா பிறந்த வீட்டில்தானே பிறந்திருக்க வேண்டும் என்ற கணக்கு எனக்கு எட்டவில்லை. கணக்கில் நான் எப்போதுமே கொஞ்சம் மந்தம்.

டெல்லியில் மாமா வேறொரு பெண்ணோடு குடித்தனம் போய்விட்டார். உறையூரில் நாங்கள் இருந்த வீட்டில், அதாவது தான் பிறந்த வீட்டில், இனிமேல் இருந்துகொள்ளலாமா என்று தம்பியிடம் கேட்கத்தான் அத்தை வந்திருந்தார். பெரியவர்களுக்கு இது வந்த அன்றே புரிந்துவிட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அத்தை வாய்விட்டுக் கேட்க அப்பா இடம் கொடுத்தால்தானே? என் அப்பா நல்லவர். சங்கடமான பேச்சு வரும் என்று தெரிந்தால் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அத்தை "தம்பி, ஒரு விஷயம்..." என்று தொடங்கும்போதெல்லாம், "இருக்கட்டும்க்கா, மெதுவாப் பேசிக்கலாம். பாப்பா, அத்தைக்கு ஊரைச் சுத்திக் காட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு ஓடிவிடுவார். முழுப்பரீட்சை லீவு என்பதால் எனக்கும் வேறு வேலை இல்லை.

முதல் நாள் உறையூர். "அத்தை, உங்க டெல்லி இப்பதான் தலைநகரம். எங்க உறையூர் அந்தக் காலத்துலயே சோழருக்குத் தலைநகரம், தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். அத்தை கண்ணை அகல விரித்து, "அப்படியாடி? அப்ப அரண்மனை எங்க?" என்று கேட்டார். மாட்டிக்கொண்டேன். பாடப்புத்தகத்தில் தலைநகரம் இருந்ததே தவிர அரண்மனை எந்தத் தெரு என்று போடவில்லை. கொஞ்சமும் தயங்காமல் ஒரு சுருட்டுக் கிடங்கைக் காட்டினேன். அத்தை அதன் துருப்பிடித்த கதவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ராஜாவுக்கு ஓயாமத் தும்மல் வந்திருக்குமே" என்றார்.

அங்கிருந்து வெக்காளியம்மன் கோயில். அங்கே அம்மனுக்கு மேலே கூரை கிடையாது. ஊரில் எல்லோருக்கும் வீடு கிடைத்த பிறகுதான் தனக்குக் கூரை என்று அவள் சொல்லிவிட்டதாகக் கதை. இதை நான் ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்த பிறகும் அத்தை கும்பிட்ட கையை இறக்கவில்லை. எல்லாம் என் பேச்சுத் திறமை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனோம். காவிரிப் பாலத்தில் போகும்போது, "இதைத் தாண்டிட்டா வேற ஊரு அத்தை. அங்க இருக்கிறவங்க இந்தப் பக்கம் வரணும்னா, திருச்சிக்குப் போயிட்டு வரேன்னுதான் சொல்லுவாங்க" என்றேன்.

"ஒரு பாலம் தாண்டினாப் போதுமாடி, வேற ஊருக்காரி ஆயிடலாமா?"

"போதும்" என்று அடித்துச் சொன்னேன்.

கோயிலின் ஏழு மதில்களையும் எண்ணிக் காட்டுகிறேன் என்று புறப்பட்டு, பாதியிலேயே வழி தவறி நின்றேன். தெருவும் கடையும் வீடுமாக மதிலுக்குள் ஒரு ஊரே இருந்தால் யாருக்குத்தான் குழம்பாது? அத்தைதான் ஏதோ யோசனையில் நடப்பவர்போல இரண்டு மூன்று இடங்களில் திரும்பி, நேரே தாயார் சன்னிதியில் கொண்டுபோய் நிறுத்தினார். டெல்லிக்காரர்களுக்கு அதிர்ஷ்டம் அதிகம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மலைக்கோட்டை. அடிவாரத்தில் பூ விற்ற வயதான அம்மா அத்தையை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, நீ உறையூர்ப் பொண்ணுல்ல? தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டு உச்சி வரைக்கும் ஏறுவியே, நீதானே?"

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு, "இல்லீங்க. நான் டெல்லி" என்றார்.

"ஆமாங்க, எங்க வீட்டுக்கு விருந்தாளியா வந்திருக்காங்க" என்று நானும் சாட்சி சொன்னேன்.

அன்று மாலை டிபன் சாப்பிடும்போது அப்பாவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். "அத்தைக்கு மலைக்கோட்டைக்கு எந்தப் பக்கம் படின்னே தெரியலப்பா. ஒரு பூக்காரம்மா வேற, இவங்களை யாரோன்னு நெனச்சுக்கிட்டு, தம்பிய இடுப்புல தூக்கிக்கிட்டு ஏறுவியேன்னு கேட்டாங்க. அத்தை, நான் டெல்லின்னு சொல்லிட்டாங்க." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். கூடச் சிரிக்க ஆள் இல்லை. அப்பாவின் கை தோசையிலேயே நின்றுவிட்டது.

"நல்லாத்தாண்டா காட்டினா உன் பொண்ணு" என்றார் அத்தை.

கை கழுவப் போன அப்பா, கொல்லைப்பக்கக் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் ஆபீசுக்குப் போகவில்லை. ஊரைக் காட்டச் சொல்லவும் இல்லை. கல்லணைக்குப் போக நான் போட்டிருந்த திட்டம் பாழாய்ப் போனது. காலையில் பரணில் ஏறி எதையோ உருட்டிக்கொண்டிருந்தார். மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். வந்த நாளிலிருந்து அத்தைக்கு மட்டும் வாழையிலை, எங்களுக்கு எவர்சில்வர் தட்டு. அன்று அம்மா அத்தைக்கு முன்னாலும் ஒரு தட்டை வைத்தாள். அதுவும் விளிம்பு நசுங்கிய பழைய தட்டு. அதில் வெட்டியிருந்த பெயர்கூட எங்கள் வீட்டில் யாருடைய பெயரும் இல்லை.

எனக்குப் பகீரென்றது. "அம்மா, அத்தைக்கு இலை போடலையா?"

அம்மா என்னைப் பார்க்காமல் சோற்றைப் பரிமாறினாள். அத்தை அந்தப் பெயரை விரலால் ஒருமுறை தடவினார். கண்ணீர் சொட்டச் சொட்ட, இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பழைய தட்டு வைத்து அழவைத்துவிட்டார்களே என்று, அன்று முழுவதும் நான் அம்மாவோடு பேசவில்லை.