மூன்றாவது சிலிண்டரின் வால்வு

என் மனைவியின் தம்பி ராயப்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டீசல் மெக்கானிக்காக இருந்தான். என்னைவிட ஆறு வயது இளையவன். "என் தம்பி கை வெச்சா எந்த வண்டியும் ஓடும்" என்று, மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த சந்து முழுக்க என் மனைவி சொல்லி வைத்திருந்தாள். குழாயடியில் நிற்கிற பெண்கள்கூட என்னைப் பார்த்தால், "மச்சினன் நல்லாக்கீறாரா?" என்று அவனைத்தான் விசாரிப்பார்கள். வண்டி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவன் நான்.

தி. நகர் பாத்திரக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றும் பிக்கப் வேன் என்னுடையது. எழுபதுகளின் நடுவில் பெட்ரோல் விலை ஏறியதும், பலரைப் போல நானும் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்தேன். அது கடகடவென்று கத்தும். எனக்குப் பிடிக்கவில்லை. எஞ்சினின் மேல்மூடியைத் திறந்து, வால்வுகளை அழுத்தித் திறக்கிற டேப்பெட்களின் திருகுகளைக் காதால் கேட்டுக் கேட்டு நானே முடுக்கினேன். சத்தம் அடங்கிவிட்டது. ஒரு கடை முதலாளி, திருநெல்வேலிக்காரர், "என்னவே, வண்டி வந்ததே தெரியலியே" என்றார். இதற்கெல்லாம் எந்த மச்சினனும் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தது. கோடம்பாக்கம் மேம்பாலத்தில் லோடோடு ஏறத் திணறியது. சைலன்சர் புகையை விட்டு விட்டுத் துப்பியது. எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற டீசல் பைப்பின் நட்டைத் தளர்த்திப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவற்றைத் தளர்த்தியபோது எஞ்சின் தடுமாறியது. மூன்றாவதைத் தளர்த்தினால் எந்த மாற்றமும் இல்லை. அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்தான் கெட்டிருக்கும் என்று அதை மாற்றினேன். பயனில்லை. ஃபில்டரை மாற்றினேன். டீசல் பம்பைக் கழற்றி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பம்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒரு வாரம் போயிற்று.

"தம்பியக் கூப்ட்டா இன்னா?" என்றாள் மனைவி.

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

அவளே ஆள் விட்டுச் சொல்லியனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஒரு சாக்குப்பையுடன் வந்து நின்றான். நான் செய்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். "சரியாத்தான் பாத்துக்கீற மாமா. டீசல் ஒழுங்கா வருது. அப்போ காத்துதான் எங்கியோ லீக்காவுது" என்றான். அவன் பாராட்டியதும் எனக்குக் கசந்தது.

மேல்மூடியைத் திறந்தான். எஞ்சினைக் கையால் சுழற்றி, மூன்றாவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும்படி நிறுத்தினான். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு ஒன்றை டேப்பெட்டுக்குக் கீழே நுழைத்தான். நுழையவில்லை. அதைவிட மெல்லியதை எடுத்தான். அதுவும் நுழையவில்லை. தலையைத் தூக்கி என்னை ஒருமுறை பார்த்தான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இடைவெளியே இல்லாமல் முடுக்கி வைத்திருந்தேன். சூட்டில் விரிந்த வால்வு முழுதாக மூட முடியாமல், இடுக்கு வழியே நெருப்பு போய்ப் போய் அதைத் தின்றிருக்கிறது.

அவன் மறுபடி குனிந்து, திருகைக் கொஞ்சம் தளர்த்தினான். இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளையில் தானே செய்து வைத்திருந்த ஒரு குழாயைப் பொருத்தி, டயருக்குக் காற்றடிக்கும் கைப்பம்பை மாட்டினான்.

"மாமா, நீ சைலன்சர் வாயாண்ட குந்திக்கோ. நான் அடிக்கிறேன். அங்க காத்து வந்தா எக்ஸாஸ்ட் வால்வு பூட்ச்சின்னு அர்த்தம். ஆயில் ஊத்துற பக்கம் வந்தா பிஸ்டன் ரிங்கு."

ரிங் போயிருந்தால் எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும். பல நாள் வண்டி நிற்கும். இருந்தாலும் நான் அதைத்தான் வேண்டிக்கொண்டேன். என் வண்டி நாசமாகட்டும், இவன் சந்தேகப்படுவது மட்டும் தப்பாகட்டும். அவன் அடித்தான். சைலன்சரின் வாயில் வைத்திருந்த என் உள்ளங்கையில் காற்று ஜில்லென்று பட்டது.

"வருதா மாமா?"

"ஒண்ணும் வரலியே" என்றேன்.

டீ கொண்டுவந்த மனைவி எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். "இன்னாங்க, புஸ்ஸுன்னு எனக்கே கேக்குது!"

இரைச்சலில் கேட்கவில்லை என்று சமாளித்தேன். தெருவில் ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை.

மதியத்துக்குள், வால்வுகள் இருக்கிற எஞ்சினின் தலைப்பகுதியையே கழற்றிவிட்டான். புகையை வெளியேற்றும் அந்த எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் எலி கடித்த அப்பளம் போல ஒரு பள்ளம். மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"ஏன்டா இப்படி ஆச்சு?"

அவன் துணியில் கையைத் துடைத்தபடி, "பழசுக்கா. தேஞ்சி பூட்ச்சி. மாமா இன்னா பண்ணுவாரு" என்றான்.

அவன்மேல் எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேலையும் தெரிந்து, மனசும் பெரிதாக இருந்தால் மற்றவன் எங்கே போவது? மறுநாள் மாலை புது வால்வை வாங்கிவந்து, சொரசொரப்பான பேஸ்ட் தடவி அது உட்காரும் இடத்தோடு தேய்த்துப் பொருத்தினான். தகடு வைத்து இடைவெளியையும் சரிபார்த்தான். வண்டி மேம்பாலத்தில் சிரமமில்லாமல் ஏறியது.

அதன் பிறகு சின்னச் சின்ன வேலைகளுக்கு நான் அடையாறில் முன்பின் தெரியாத ஒருவரிடம் போக ஆரம்பித்தேன். எப்படியோ அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் உச்சிவெயிலில் தி. நகரில் நான் வண்டி நிறுத்துகிற இடத்துக்கே வந்தான்.

"இன்னா மாமா, என் வேலைல எதுனா தப்பா?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. "தப்பு இருந்தா உன்னாண்டயே வந்திருப்பேன்டா. இல்ல, அதான் எரியுது. அன்னிக்குக் காத்து வந்துச்சு. வரலன்னு சொன்னேன்."

"தெரியும்" என்றான். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் வண்டியின் டயரைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தான். "இதயும், டேப்பெட்ட நீ முடுக்கினதயும் அக்காவாண்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஆனா எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு மாமா."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

அடுத்த மாதம் பிரேக் வேலைக்கு நான் அவன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவனுக்காக எனக்கு முன்னால் மூன்று வண்டிகள் நின்றன. மூன்று டிரைவர்களும் அவனைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். எனக்குள் அதே எரிச்சல். "என் மச்சினன்தான்" என்றேன், யாரும் கேட்காமலே.